குழந்தையைப் படுக்கப் போட்டு இழுக்காத தெரபி சென்டர்: தண்டையார்பேட்டை

வட சென்னையில், தண்டையார்பேட்டை மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு பழைய வீட்டின் முதல் மாடியில் இந்த சென்டர் இருக்கிறது. கீழே மருந்துக் கடை, மேலே மூன்று அறை. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு, எங்கள் பேச்சில் சொன்னால் சிபி குழந்தைகளுக்கு, பிசியோவும், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குகிற ஓ.டி.யும் கொடுக்கிறார்கள். பெயரை எழுத வேண்டாம் என்று சென்டர் மேடம் கேட்டுக்கொண்டார். இருப்பதே இரண்டு தெரபிஸ்ட். இடம் எப்போது கிடைக்கும் என்று இப்போதே நிறையப் பேர் காத்திருக்கிறார்கள். அதனால் பெயர் இல்லாமல் எழுதுகிறேன். ஆனால் இங்கே நடப்பதை விவரமாகச் சொன்னால், திருவொற்றியூரிலோ வியாசர்பாடியிலோ உங்கள் வீட்டுப் பக்கம் இருக்கிற சென்டரில் போய் நின்று எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும். இவ்வளவு நீளமாக எழுதுவது அதற்காகத்தான்.

என் பையனுக்கு ஏழு வயது. முப்பத்தோரு வாரத்தில் பிறந்தவன். இரண்டு காலிலும் இறுக்கம். கை ஓரளவு நன்றாக வரும், பேச்சு ஓயாது. எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பான், வாக்கர் வைத்து வீட்டுக்குள்ளும் ஸ்கூல் வராண்டாவிலும் நடப்பான், தூரமாகப் போவதென்றால் வீல்சேர். டாக்டர்கள் இதை ஜி.எம்.எஃப்.சி.எஸ். லெவல் 3 என்பார்கள். 1997-இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பலிசானோ, பீட்டர் ரோசன்பாம் குழுவினர் குழந்தையின் நடமாட்டத்தை வைத்து வகுத்த ஐந்து நிலைகளில் ஒன்று இது. லெவல் 1 குழந்தை தானாக நடக்கும், கைப்பிடி இல்லாமல் படியேறும். லெவல் 5 குழந்தைக்குத் தலையை நிமிர்த்தி வைக்கவே உதவி வேண்டும். பிள்ளை எந்த லெவல் என்று பெற்றோருக்குச் சொல்லாமல் யாரும் தெரபி தொடங்கக் கூடாது என்பது என் எண்ணம். இங்கே முதல் நாளே சொன்னார்கள், எழுதியும் கொடுத்தார்கள்.

இதற்கு முன்னால் வேறொரு இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். அங்கே ஒரு பச்சைத் திரை. பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள், நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். உள்ளேயிருந்து அவன் அழுவது கேட்கும். முக்கால் மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்து, முகம் சிவந்து வெளியே வருவான். "இன்னிக்கு நல்லா ஸ்ட்ரெச் பண்ணியிருக்கோம்மா" என்பார்கள். வீட்டில் நான் என்ன செய்யட்டும் என்று கேட்டால், "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம், நீங்க ரெகுலரா கூட்டிட்டு வாங்க, ஆறு மாசத்துல நடக்க வெச்சிடலாம்" என்று பதில் வரும். ஆறு மாதம் முடிந்தபோது மறுபடியும் ஆறு மாதம் என்றார்கள்.

இங்கே திரை கிடையாது. அம்மாவோ அப்பாவோ ஆயாவோ, கூட வந்தவர் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தே ஆக வேண்டும். முதல் நாள் மேடம் பையனின் காலைத் தொடவே இல்லை. அவன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "டேய் கண்ணா, உனக்கு இன்னா செய்யணும்னு ஆசை?" என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, அவனிடம் கேட்டார். அவன் யோசிக்கவே இல்லை. "கேரம் ஆடணும். நின்னுக்கினு ஆடணும். உக்காந்தா எட்ட மாட்டேங்குது."

நாங்கள் இருப்பது புது வண்ணாரப்பேட்டை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு கேரம் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம். செரியன் நகர் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்தபோது எங்கள் ஏரியாவே கொண்டாடியது. ரூல்படி உட்கார்ந்துதான் ஆட வேண்டும். ஆனால் எங்கள் தெருவில் போர்டை ட்ரம் மேல் வைத்து, மேலே பல்பு தொங்கவிட்டு, பொடியன்கள் சுற்றி நின்றுதான் ஆடுவார்கள். என் பையன் வீல்சேரில் உட்கார்ந்து அந்த ட்ரம்மின் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

மேடம் அதையே தெரபி கோலாக, அதாவது எட்ட வேண்டிய இலக்காக எழுதினார்: போர்டைப் பிடித்து நின்று ஒரு ஆட்டம் முழுக்க ஆடுவது. இரண்டாவது கோல் நான் கேட்டது: ஸ்கூல் பாத்ரூமில் ட்ரவுசரைத் தானே ஏற்றிக்கொள்வது. ஒவ்வொன்றுக்கும் இப்போது எவ்வளவு முடிகிறது, அதில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி என்று பத்துக்கு மார்க் போடச் சொன்னார்கள். சி.ஓ.பி.எம். என்று கனடாவில் உருவாக்கிய ஒரு முறையாம். கேரமுக்கு நான் போட்டது 2. கொஞ்ச நாள் கழித்து அதே தாளை எடுத்து மறுபடி கேட்பார்கள். இரண்டு மார்க்காவது ஏறினால்தான் மாற்றம் வந்ததாகக் கணக்கு. ஏறவில்லையென்றால் செய்கிற முறையை மாற்ற வேண்டும், பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது என்றார் மேடம்.

இதெல்லாம் அவர் இஷ்டத்துக்குச் செய்கிறாரா, இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். கேட்டேன். பெரிய அறையின் சுவரில் பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டங்களாக ஒட்டியிருந்த ஒரு சார்ட்டைக் காட்டினார். ஆஸ்திரேலியாவின் ஐயோனா நோவாக்கும் அவர் குழுவும் 2013-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பிலிருந்து எடுத்தது. சிபி குழந்தைகளுக்கு உலகத்தில் செய்கிற 64 வகைச் சிகிச்சைகளை எடுத்து, அவற்றைப் பற்றி வந்திருந்த ஆய்வுகளையெல்லாம் சலித்து, 131 பலன்களை எடை போட்டிருக்கிறார்கள். தாராளமாகச் செய்யுங்கள் என்று பச்சை வாங்கியவை அந்த 131-இல் வெறும் 21. பாதிக்கு மேல், ஆதாரம் இன்னும் போதாது என்று மஞ்சள். செய்யவே வேண்டாம் என்று சிவப்பு வாங்கியவை 8. இதையே இன்னும் பெரிதாக்கி 2020-இல் மறுபடி வெளியிட்டார்கள்.

நான் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் பில்லிங் பார்க்கிறவள். ஆனாலும் அந்தச் சார்ட்டை போனில் படம் பிடித்து வைத்து, ஒவ்வொரு வட்டமாகக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பச்சைப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்றால், குழந்தைக்கு வேண்டிய வேலையையே எடுத்து அதையே குழந்தை திரும்பத் திரும்பச் செய்வது. வீட்டிலேயே செய்கிற ஹோம் ப்ரோக்ராம். ஒரு பக்கம் மட்டும் பாதித்த குழந்தைகளுக்கு நல்ல கையைக் கட்டிப்போட்டுப் பலவீனமான கையைப் பழக்குவது, இரண்டு கையையும் சேர்த்துப் பழக்குவது. இறுக்கத்துக்கு போட்டாக்ஸ் ஊசி, கணுக்காலுக்கு மாவுக்கட்டு, இடுப்பு மூட்டைக் கண்காணிப்பது. சிவப்புப் பக்கத்தில் இருப்பது, தெரபிஸ்ட் தன் கையால் குழந்தையின் உடம்பை அசைத்து அசைத்து அசைவைப் பழக்குகிற பழைய முறை. குழந்தை சும்மா இருக்கும், வேலை செய்வது தெரபிஸ்ட். திரைக்குப் பின்னால் எங்களுக்கு நடந்தது அதுதான்.

கேரம் செஷன் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஓ.டி. பார்க்கிற தம்பியை என் பையன் அண்ணா என்பான். உயரம் கூட்டிக் குறைக்கிற மேசை ஒன்றில் போர்டை வைத்து, பையனின் இடுப்பெலும்புக்குச் சரியாக ஏற்றுவார். காலைத் தாங்கிப் பிடிக்கிற ஸ்ப்லின்ட், அதன் மேல் ஷூ. பின்னால் ஒரு ஸ்டூல். இடது கை சட்டத்தைப் பிடித்திருக்கும், வலது கை ஸ்ட்ரைக்கரில். நேராக இருக்கிற காயினுக்கு அவ்வளவாகச் சிரமம் இல்லை. அண்ணா வேண்டுமென்றே காயினை வலது ஓரத்துப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் விட்டுவைப்பார். அதை அடிக்க பையன் உடம்பை இடது காலில் சாய்த்தாக வேண்டும். அந்தச் சமயம் பார்க்க வேண்டும்: வலது முழங்கால் உள்பக்கம் இழுக்கும், நாக்கை ஓரமாகக் கடித்துக்கொள்வான், சட்டத்தைப் பிடித்த விரல் நுனி வெளுத்துப்போகும். அண்ணாவின் கை அவன் இடுப்புக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி நிற்கும், தொடாது. அடித்துவிட்டால் ஸ்டூலில் உட்காரலாம். உட்கார்ந்தால் மறுபடி எழ வேண்டும், அது ஒரு பயிற்சி. ட்ரவுசர் ஏற்றுவதற்கும் அதே எழுந்து நிற்பதுதான் வேண்டும் என்பது எனக்கு அப்புறம்தான் விளங்கியது. அண்ணா விட்டுக்கொடுத்து ஆடுவதில்லை. ரெட் காயினைப் போட்டுவிட்டு பையன் ஃபாலோ போட முடியாமல் தவறவிட்டால், ரெட்டை எடுத்து நடுவில் வைத்துவிடுவார். பையன் கத்துவான், ஆனால் அழ மாட்டான். ஷூ, ஸ்ப்லின்ட் எல்லாம் போரிக் பவுடர். இப்போது அந்தத் தாளில் கேரமுக்கு நான் போட்டிருக்கிற மார்க் 6.

வாரத்துக்கு இரண்டு செஷன், தலா முக்கால் மணி நேரம். இது போதுமா என்று எல்லாப் பெற்றோரும் கேட்பார்கள். போதாது என்று மேடமே சொல்கிறார். மிஷெல் ஜாக்மன் குழுவினர் கைப்பயிற்சி ஆய்வுகளையெல்லாம் சேர்த்து 2020-இல் கணக்குப் பார்த்ததில், ஒரு குறிப்பிட்ட கோல் கைகூட 14 முதல் 25 மணி நேரத்துக்கு மேல் அந்த வேலையையே பழக வேண்டும் என்று வந்திருக்கிறது. சென்டரை மட்டும் நம்பினால் அதற்கே மாதங்கள் ஆகும். மீதி வீட்டில்தான். அதற்கும் நோவாக் 2009-இல் 36 குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு செய்திருக்கிறார்: எட்டு வாரம், பெற்றோர் வீட்டில் செய்தது மாதத்துக்குச் சுமார் 17 தடவை, தடவைக்குச் சுமார் 16 நிமிடம். அதிலேயே பலன் தெரிந்திருக்கிறது. இதைக் கேட்டபோது எனக்கு மூச்சு விட முடிந்தது. கடையை விட்டு வீட்டுக்கு வர எட்டரை ஆகிவிடும். என் வீட்டுக்காரர் எண்ணூர் துறைமுகத்துக்கு ட்ரெய்லர் ஓட்டுகிறவர், எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. தினமும் இரண்டு மணி நேரம் என்று யாராவது சொல்லியிருந்தால் எங்களால் முடியாது. பதினாறு நிமிடம் என்றால் எந்த வீட்டிலும் முடியும்.

வீட்டில் அதைச் செய்வது என் அத்தை. அவருக்குப் படிக்க வராது. இது தெரிந்ததும் மேடம் அடுத்த செஷனுக்கு அத்தையை அழைத்து வரச் சொன்னார். ஒரு கோடு போட்ட நோட்டில் படமாக வரைந்து வைத்திருந்தார்: கட்டில் ஓரம், பையன், அவன் பாதம் தரையில் படிய வேண்டிய இடம், அத்தை நிற்க வேண்டிய இடம். எத்தனை தடவை என்பதற்குப் பக்கத்தில் புள்ளிகள். அத்தை செய்து காட்டினார், மேடம் திருத்தினார். "அம்மா, நீங்க தூக்கக் கூடாது. அவன் எழட்டும். நீங்க எண்ணுங்க." நல்லெண்ணெய் தேய்த்து விடுவதை நிறுத்தச் சொல்வாரோ என்று அத்தைக்கு ஒரே பயம். நிறுத்த வேண்டாம், உடம்புக்கு இதமாக இருக்கும், நன்றாகத் தூங்குவான், ஆனால் அதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்றார். அத்தைக்கு இந்த சென்டர் பிடித்துப்போனது அந்த ஒரு பதிலில்தான்.

இனி நான் மிகவும் மதிக்கிற விஷயம். இவன் தனியாக நடப்பானா என்று கேட்டேன். எல்லோரும் கேட்கிற கேள்விதான். மேடம் ஒரு வரைபடத்தை எடுத்தார். ரோசன்பாம் குழுவினர் கனடாவின் ஒன்டாரியோவில் 657 குழந்தைகளைப் பல வருடம் அளந்து 2002-இல் வெளியிட்டது. ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு கோடு. லெவல் 3 குழந்தைகள் பெரிய அசைவுகளில் தாங்கள் எட்டக்கூடியதில் 90 சதவீதத்தைச் சராசரியாக நான்கு வயதுக்குள்ளேயே எட்டிவிடுகிறார்கள். "இவனுக்கு ஏழு வயசும்மா. வாக்கர் இல்லாம ரோட்டுல நடப்பான்னு நான் சொன்னா அது பொய். ஆனா இந்தக் கோடு உக்கார்றது, நிக்கிறது, நடக்கிறது இதையெல்லாம் மட்டும்தான் அளக்குது. ட்ரவுசர் மாட்டறது, கேரம் ஆடறது, தனியா பாத்ரூம் போறது, ஃப்ரெண்ட்ஸோட சுத்தறது எல்லாம் இதுக்குள்ள வராது. அதுல அவன் எவ்ளோ தூரம் வேணா போலாம். இருக்கறது குறையாம பாத்துக்கறதும் நம்ம வேலை."

அன்றைக்கு அழுதேன். ஆனால் ஆறு மாதம், ஆறு மாதம் என்று கேட்டுக் கேட்டு அழுததை விட இது மேல். உண்மை தெரிந்ததால்தான் பள்ளியில் பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி வைக்கச் சொல்லிக் கேட்க எனக்குத் தைரியம் வந்தது. நடந்துவிடுவான் என்று காத்திருந்தால் அதைக் கேட்டிருக்கவே மாட்டேன்.

இடுப்பு மூட்டு பற்றி இங்கே வந்துதான் முதலில் கேள்விப்பட்டேன். இந்தப் பிள்ளைகளுக்கு இறுக்கம் இழுத்து இழுத்து தொடை எலும்பு மெதுவாகக் குழியை விட்டு வெளியே நகருமாம். வலி தெரிகிறபோது நிறைய நகர்ந்திருக்கும். ஆஸ்திரேலியாவில் 2006-இல் வந்த ஆய்வில் மொத்தக் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், லெவல் 3-இல் 41 சதவீதம், லெவல் 5-இல் 90 சதவீதம் பேருக்கு இப்படி. தெற்கு சுவீடனில் 1994-இலிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் கெடு வைத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கத் தொடங்கி, மூட்டு முழுதாக விலகிப்போவதைப் பெருமளவு தடுத்துவிட்டார்கள். இங்கே ஃபைலின் முதல் பக்கத்திலேயே அடுத்த இடுப்பு எக்ஸ்ரே எந்த மாதம் என்று சிவப்பு மையில் இருக்கிறது. எக்ஸ்ரே அவர்களிடம் இல்லை, வெளியில்தான் எடுக்க வேண்டும், காட்ட வேண்டியது எலும்பு டாக்டரிடம். ஆனால் ஞாபகப்படுத்துகிறார்கள். உங்கள் சென்டரில் யாரும் இதைப் பேசவில்லையென்றால் நீங்களே டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. எங்கள் சொந்தத்தில் ஒருவர், ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடும், சில லட்சம்தான், நகையை வைத்தாவது போடு என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மேடமிடம் கேட்டேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி சிபிக்கு இதை விலை போட்டுச் சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது, அனுமதி வாங்கிய ஆய்வில் மட்டும்தான் கொடுக்கலாம், ஆய்வு என்றால் நம்மிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது என்றார். ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 63 குழந்தைகளை வைத்து, ஸ்டெம் செல் உள்ள அவர்களுடைய தொப்புள்கொடி ரத்தத்தையே ஏற்றிப் பார்த்து 2017-இல் வெளியிட்டார்கள். ஒரு வருட முடிவில் ரத்தம் ஏற்றிய குழுவுக்கும் அதுவரை ஏற்றாத குழுவுக்கும் சராசரியில் வித்தியாசம் இல்லை. அதிக அளவு கிடைத்த குழந்தைகள் மட்டும் எதிர்பார்த்ததை விட முன்னேறியிருந்தார்கள். நகையை அடகு வைக்க அது போதாது. ஆக்சிஜன் சேம்பரும் அப்படித்தான்: கனடாவின் கியூபெக்கில் 111 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2001-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நிஜ ஆக்சிஜன் கொடுத்த குழுவும், லேசான அழுத்தத்தில் சாதாரணக் காற்று கொடுத்த குழுவும் ஒரே அளவுதான் முன்னேறின. சொந்தக்காரரிடம் இதைச் சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம்தான், இருக்கட்டும்.

குறைகளும் இருக்கின்றன. நடக்க முடியாத பிள்ளைகளுக்கான சென்டர் முதல் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. படிக்கட்டு குறுகலானது, மழை நாளில் வழுக்கும். பெரிய பிள்ளைகளை ஆயாக்கள் தூக்கிக்கொண்டு ஏறுவதைப் பார்க்கவே மனசு பதறுகிறது. தரைத்தளத்துக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை என்கிறார்கள். அவர்கள் கஷ்டம் புரிகிறது, ஆனாலும் ஐந்து ஸ்டாரில் ஒன்றை இதற்காகக் குறைத்திருக்கிறேன். பேச்சுப் பயிற்சியாளர் சனிக்கிழமை மட்டும்தான் வருகிறார். பேச்சும் விழுங்குவதும் சிரமமாக உள்ள குழந்தைகளுக்கு இது போதாது. பில் கேட்டால் மாதக் கடைசியில் மொத்தமாக எழுதித் தருகிறார்கள், அதையும் இரண்டு தடவை ஞாபகப்படுத்த வேண்டும். சிபி போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்துகிற நிராமயா காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் வரை கிடைக்கும், தெரபிச் செலவுக்கும் கேட்கலாம். அதற்கு ஒழுங்கான பில் வேண்டும். ஆகவே தேதி போட்டு அப்போதைக்கப்போது கேட்டு வாங்கிவிடுங்கள்.

இத்தனையும் தாண்டி இங்கேயே வருவதற்கு தூரமும் ஒரு காரணம். பெயர் பெற்ற இடங்கள் தெற்கே. வித்யாசாகர் கோட்டூர்புரத்தில், மத்திய அரசின் நிப்மெட் முட்டுக்காட்டில். நல்ல இடங்கள்தான், ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புது வண்ணாரப்பேட்டையிலிருந்து போய்வந்தால் வேலையை விட வேண்டியதுதான். இங்கே வர ஒரே ஒரு மெட்ரோ ஸ்டேஷன். இரண்டு பக்கமும் லிஃப்ட் இருக்கிறது, வீல்சேரோடு ஏறி இறங்கலாம்.

செஷனுக்கு 400 ரூபாய். முதல் நாள் பரிசோதனைக்கு 600. அது ஒன்றரை மணி நேரம் நடக்கும், அவசரப்படுத்த மாட்டார்கள். முடியாதவர்களுக்குக் குறைத்துக்கொள்கிறார்கள், வாய் திறந்து கேட்க வேண்டும். ஸ்கூல் விட்ட பிறகு வருகிற சாயங்கால நேரத்துக்கு இப்போது இடமே இல்லை. பகல் பதினொன்றிலிருந்து ஒன்று வரை கிடைக்கும், அதனால் ஸ்கூல் போகாத சின்னக் குழந்தைகளுக்குச் சீக்கிரம் இடம் கிடைத்துவிடும். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட், பழைய எக்ஸ்ரே, ஸ்ப்லின்ட், ஷூ எல்லாம் எடுத்துப் போங்கள். வீட்டில் பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்வது யாரோ அவரையும் கூடவே அழைத்துப் போங்கள்.